சல்லடை இலைகள்

ஒன்பது வருடத்துக்கு முன்னால் கல்லறைத் தோட்டத்திலிருந்து கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்த ஓக் கொட்டை, இப்போது என் வீட்டு வாசலில் இரண்டு ஆள் உயரம் நிற்கிறது. எங்கள் அயோவா மாநில மண்ணிலேயே காலங்காலமாக முளைக்கிற ஜாதி. ஒன்றரை நாற்காலிக்கு நிழல் தருகிறது.

ஜூன் பிறந்ததும் புழு அரித்து இலையெல்லாம் சல்லடையானது. உடனே குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம்: நோய் பிடித்த மரம், சனிக்கிழமை பார்வையிட வருவோம், மருந்து அடிக்காவிட்டால் வெட்டவேண்டும். கையெழுத்து, தலைவர் மார்வின். எதிர்வீட்டுக்காரர். புல்லுக்கு மருந்து, பூச்செடிக்கு மருந்து என்று அடித்துத் தள்ளுகிற மனிதர். அவர் தோட்டத்தில் ஓர் எறும்பைப் பார்த்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.

மருந்து அடிப்பதில்லை என்று பிடிவாதமாக இருந்துவிட்டேன். ஆனாலும் இந்த மரம் போனால் இன்னும் ஒன்பது வருடம் காத்திருக்க எனக்கு வயதில்லை.

சனிக்கிழமை காலை மார்வின் வந்தார். கையில் தாள் செருகிய அட்டை, கழுத்தில் பைனாகுலர்.

“வாங்க தலைவரே. சங்கம் மொத்தமும் வருதா, நீங்க மட்டும்தானா?”

“கிண்டல் வேணாம் ஜோலீன். இலையப் பாருங்க, கொசுவலை மாதிரி இருக்கு. தெருவுக்கே அசிங்கம்.”

“எனக்கு அழகாத்தான் இருக்கு.”

அப்போது கறுப்புத் தொப்பி போட்டதுபோல் தலையுள்ள ஒரு சிட்டு வந்து, கிளையிலிருந்து பச்சைப் புழுவைக் கவ்விக்கொண்டு தெருவைத் தாண்டிப் பறந்தது. அடுத்து அதன் ஜோடி. இரண்டு நிமிடத்தில் முதல் சிட்டு மறுபடி வந்தது.

மார்வின் பைனாகுலரைத் தூக்கினார். அப்படியே நின்றுவிட்டார். பறவை என்றால் மனிதருக்கு உயிர். தன் வேலி நெடுக மரக்கூடு மாட்டி, ஆறு வருடமாக மூட்டை மூட்டையாகத் தானியம் கொட்டியும் ஒரு ஜோடிகூடக் குடிவரவில்லை. குஞ்சுக்குப் புழு வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

“என் கூட்டுக்குள்ள போகுது,” என்றார். பைனாகுலரை இறக்கவில்லை.

எனக்கும் அப்போதுதான் தெரியும். காட்டிக்கொள்வேனா?

“பின்ன? நீங்க கடிதம் எழுதுற மும்முரத்துல கவனிக்கல.”

“குஞ்சு எத்தன இருக்கும்?”

“அஞ்சாறு இருக்கும். விடிஞ்சதுலேர்ந்து அடையிற வரைக்கும் என் வீட்டுச் சாப்பாடுதான். மருந்து அடிக்கணும்னா சொல்லுங்க, இப்பவே அடிச்சிடலாம். உங்க வீட்டுப் பிள்ளைங்கதான் பட்டினி கெடக்கும்.”

மார்வின் போனை எடுத்தார்.

“திங்கக்கிழமை என் தோட்டத்துக்கு மருந்தடிக்க வர வேணாம். இல்லப்பா, அடுத்த வாரமும் வேணாம். இனிமே வேணாம்.”

பிறகு அட்டையிலிருந்த தாளில் ‘மரம் நலம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதை உருவி என்னிடம் நீட்டிவிட்டு, கேட்காமல் கொள்ளாமல் என் நாற்காலியில் உட்கார்ந்து பைனாகுலரை மறுபடி கண்ணில் வைத்துக்கொண்டார். இருந்த நிழல் முழுக்க அவருக்கே போய்விட்டது. நான் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன். ஜெயித்தவளுக்கு வெயில் ஒரு பொருட்டா?