மூன்று முறை கழற்றிய முன்பக்கம்

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவள் அலைன்மென்ட் அக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். முன்னால் இரண்டு கார் நிற்கும் அளவுக்கு ஒரு பட்டறை, பின்னால் வீடு. ஓடும்போது ஒரு பக்கமாக இழுக்கிற கார், குலுங்குகிற கார், டயரைத் தின்கிற கார் எதுவாக இருந்தாலும் அவள் கை வைத்துவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை என்று பெயர்.

அவள் புருஷன் பக்கத்துத் தெருவில் மருந்துக்கடை வைத்திருந்தான். இருவருக்கும் பொதுவான ஒரே பைத்தியம், இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். கல்யாணமான புதிதில் அதை வாங்கிக்கொண்டு வந்தபோது, "பிள்ளைகுட்டி பிறந்தா எங்கே உட்கார வைப்பீங்க?" என்று அவனுடைய அக்கா கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் தேவைப்படாமலே பதினெட்டு வருடம் போய்விட்டது.

வாரநாட்களில் அந்தக் காரில்தான் அவன் கடைக்குப் போவான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே இருக்கும் பந்தய டிராக்கில் ஆசைதீர ஓட்டிவிட்டு வருவான். சில மாதங்களாக ஒரே புலம்பல்.

"முன்பக்கம் மந்தமா இருக்கு. வளைவுல டயர் பிடிக்குதா வழுக்குதான்னு ஸ்டியரிங்ல ஒண்ணுமே தெரியலை."

அவள் அடியில் படுத்துப் பார்த்தாள். ஸ்பிரிங் தளர்ந்திருந்தது, மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்கள் வெடித்திருந்தன. அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் டிராக்குக்கு ஏற்றபடி இறுக்கமாக வைத்தால் தெருவில் இடுப்பு ஒடிந்துவிடும். தெருவுக்கு இதமாக வைத்தால் வளைவில் கார் சாயும். அதனால் இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற ஷாக் அப்சார்பர் வரவழைத்தாள். மேலே ஒரு சின்ன திருகு. தெருவுக்கு ஒரு அளவு, டிராக்குக்கு ஒரு அளவு. கொஞ்சம் கடினமான ஸ்பிரிங் போட்டு, ரப்பரையும் மாற்றினாள்.

அரைமணி நேரம் ஓட்டிவிட்டு வந்தான்.

"நல்லா இருக்கு."

"ஆனா?"

"ஆனா இன்னமும் ஒண்ணும் தெரியலை."

மறுபடி கழற்றினாள். ரப்பர் இருந்த இடத்தில் இரும்புக் குண்டு மூட்டுகளைப் போட்டாள். சக்கரத்தின் சாய்வை நூலிழை நூலிழையாக மாற்றி நாலு தடவை அளந்தாள். அவன் ஓட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை மாதிரி இருக்கு" என்றான். மறுநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே, "இல்லை, அப்படியேதான் இருக்கு" என்றான்.

வாடிக்கையாளர் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. அவளுக்குச் சுருக்கென்றது.

புருஷனுடைய டிராக் நண்பன் ஒருவனுக்குச் சுருட்டை என்று பெயர். முடி போய்ப் பத்து வருடமாகியும் பெயர் போகவில்லை. அவனைக் கூப்பிட்டு ஓட்டச் சொன்னாள். திரும்பி வந்தவன் காரைவிட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, ரோட்டுல காசு கிடந்தா பூவா தலையான்னு சொல்லிடும் போலிருக்கு. எனக்கும் இதே மாதிரி பண்ணிக் கொடுங்க."

அவளும் ஓட்டிப் பார்த்தாள். உண்மைதான். இருபது வருடத்தில் அவள் இவ்வளவு நன்றாக எதையும் செய்ததில்லை.

புருஷனிடம் சொன்னாள். "அவனுக்கு என்ன தெரியும்? நான் ஓட்டுற கார் எனக்குத் தெரியாதா?" என்றான். அவள் மூன்றாவது முறையாகக் கழற்றினாள்.

ஒரு சனிக்கிழமை மதியம் அவன் வேகமாக ஓட்டிக்கொண்டு வந்து பட்டறைக்குள் நிறுத்தினான். மாட்டியதைச் சரிபார்க்க அவள் காரைத் தூக்கி முன்சக்கரத்தைக் கழற்றினாள். அவன் குந்தி உட்கார்ந்து, பிரேக் தட்டின்மேல் வலது உள்ளங்கையைப் பதித்தான்.

"ஆறிடுச்சு. நான் பிடிச்சுக்கிறேன், நீ உள்ளே பாரு."

அவள் விரல் நுனியால் தட்டைத் தொட்டாள். தொட்ட மாத்திரத்தில் கையை உதறினாள். அவன் கை அங்கேயே இருந்தது. தோல் தீய்கிற நாற்றம் வந்தது. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். உள்ளங்கை வெளுத்துப்போயிருந்தது. யாருடைய கையையோ பார்ப்பதுபோல் அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குழாயடியில் தண்ணீரைத் திறந்துவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"எத்தனை நாளா?"

"மாத்திரையைப் பிரிக்க வராம நாலு மாசமாச்சு. கடையில இருக்கிற அந்தப் பொண்ணுதான் பிரிச்சுக் கொடுக்குது. இப்போ காலும் ஆரம்பிச்சிருக்கு."

"நான் மூணு தடவை கழட்டி மாட்டினேன். பார்த்துட்டுச் சும்மாதானே இருந்தே?"



"காராத்தான் இருக்கும்னு நினைச்சேன். காரா இருந்தா நீ சரி பண்ணிடுவே இல்ல."

அவள் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

டாக்டர் நரம்பு என்றார். மருந்து கொடுத்தால் தொடு உணர்ச்சி கொஞ்சம் மெதுவாகப் போகும், போனது வராது, இனிமேல் வண்டி ஓட்டக்கூடாது என்றார். அவள்தான் கேள்வி கேட்டாள். அவன் ஒன்றும் கேட்கவில்லை. அதே மாத்திரைகளை வருடக்கணக்காக விற்றவன்; அவற்றை வாங்க வந்தவர்கள் முதலில் நடந்து வந்ததையும், பிறகு யாரையாவது பிடித்துக்கொண்டு வந்ததையும், பிறகு வராமல் போனதையும் பார்த்தவன்.

அடுத்த டிராக் ஞாயிறு வந்தது. "நீ ஓட்டு, நான் பக்கத்துல உட்கார்றேன்" என்றான். அவள் திருகை டிராக் அளவுக்கு இறுக்கினாள்.

இரண்டாவது சுற்றில், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான்: "இப்போ என்ன பண்ணுது?"

"இடது டயர் லேசா வழுக்கப் பார்க்குது. இதோ, பிடிச்சிடுச்சு."

"இந்த இடத்துல?"

"தார் மாறுது. சொரசொரப்பா இருக்கு."

ஒவ்வொரு வளைவிலும் கேட்டான், சொன்னாள். நாலாவது சுற்றில் அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். திரும்பிப் பார்க்கப் பயந்து அவள் ரோட்டையே பார்த்து ஓட்டினாள்.

"போதும். வெளியே போயிடலாம்."

தாழ்ந்த சீட்டிலிருந்து அவனைத் தூக்கி நிறுத்த அவளும் சுருட்டையும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. அதற்குள் நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டு, முன்பக்கத்தை யார் செய்தது என்று விசாரித்தார்கள். "இவதான்" என்று அவன் தாடையால் காட்டினான். ஒருவர் அவளுடைய போன் நம்பரை எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை, காரை மறுபடி தெரு அளவுக்கு மாற்றி, டயர் தேய்வைப் பார்க்கக் கழற்றிய சக்கரத்தை மாட்டிக்கொண்டிருந்தாள். கடைக்குக் கிளம்பியவன் உள்ளே வந்தான்.

"நட்டை நான் முடுக்கறேன்."

"கை?"

"போதுமான அளவு இறுகினா ஸ்பானர் டக்குனு சத்தம் போடும் இல்ல? காது நல்லாத்தான் இருக்கு."

கொடுத்தாள். நட்டை எடுத்து வைப்பதற்கே வெகுநேரம் ஆனது. ஐந்து நட்டையும் முடுக்கினான், ஐந்து முறை சத்தம் வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் போனான்.

அவன் போனதும் அவள் குனிந்து பார்த்தாள். மூன்றாவது நட்டு கோணலாக ஏறி, மரையைக் கடித்துக்கொண்டு நின்றது. சத்தம் வராமலிருக்க அவள் அதைச் சாதாரண ஸ்பானரால் மெல்ல மெல்லத் தளர்த்திக் கழற்றினாள். மரையைச் சுத்தம் செய்து, வேறொரு நட்டு போட்டு முடுக்கினாள். நிமிர்ந்தபோது அவன் கதவருகே நின்றுகொண்டிருந்தான்.

"எது?" என்றான்.

"மூணாவது."

தலையசைத்தான். கடைச் சாவியை எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துத் தெருவில் இறங்கினான். அதற்குப் பிறகு அவன் பட்டறைக்குள் வரவில்லை.