மூன்றாவது தடவை

யூதர்களின் பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் நோன்பு தொடங்க முக்கால் மணி நேரமே இருந்தது. குர்ஜியா வெள்ளை உடுத்து, இன்றைக்குத் தோல் ஆகாது என்பதால் துணிச் செருப்பை மாட்டிக்கொண்டு, ஜெருசலேமின் மேட்டுத் தெருவில் மூச்சிரைக்க ஏறினாள். அக்கா ஹபீபாவிடம் மன்னிப்புக் கேட்கப் போவது இது மூன்றாவது தடவை.

ஆண்டவனுக்குச் செய்த பிழையை யோம் கிப்பூர் தீர்த்துவிடும். மனுஷருக்குச் செய்ததை அந்த மனுஷர்தான் தீர்க்க வேண்டும். அம்மா செத்த அன்று, வீட்டுத் தகராறை மனதில் வைத்துக்கொண்டு, அப்போது பேர்ஷேபா ஊரில் இருந்த அக்காவுக்குக் குர்ஜியா சொல்லி அனுப்பவில்லை. ஜெருசலேமில் பிணத்தை இரவு தங்க விடுவதில்லை. அக்கா வந்து சேர்ந்தபோது மண் மூடியிருந்தது.

அடுத்து வந்த இரண்டு நோன்புகளுக்கும் முந்தி போய் நின்றாள். இரண்டு தடவையும் கதவு சாத்தப்பட்டது. மூன்று தடவை கேட்டும் கிடைக்காவிட்டால் கேட்டவள்மேல் குற்றமில்லை என்பார்கள். அந்த விடுதலை குர்ஜியாவுக்கு வேண்டாம், அக்காதான் வேண்டும். மூன்றாவதும் மறுத்துவிட்டால் அப்புறம் கேட்க என்ன இருக்கிறது என்று பயந்தே பதினெட்டு வருஷம் தள்ளிப்போட்டாள்.

கதவைத் திறந்தவள், அக்காவை இப்போது தன்னோடு வைத்துப் பார்த்துக்கொள்ளும் மகள் ஒரீத்.

"வாங்க சித்தி. ஆனா அம்மாவுக்கு இப்ப ஆள் தெரியறதில்ல. என்னையே நர்சுன்னு நெனச்சு, ஒழுங்கா ஊசி போடத் தெரியுதான்னு திட்டுறாங்க."

ஹபீபா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கைக்குட்டை முடிச்சு.

"அக்கா, என்னை மன்னிச்சிரு."

"நீ யாரும்மா? சரி, மன்னிச்சேன், போ. இன்னிக்கு யார் கேட்டாலும் குடுக்க வேண்டியதுதானே."

"நான் குர்ஜியா, அக்கா."

ஹபீபா சிரித்தாள். "யார்கிட்ட கதை விடுறே? அவ முடி கன்னங்கரேல்னு இருக்கும். நீ என்னைவிடக் கெழவி." பிறகு குரல் தாழ்ந்தது. "ரெண்டு தடவை வந்தா. வெரட்டிட்டேன். மூணாவது தடவை வந்தா சேத்துக்கணும்னு அப்பவே நெனச்சுட்டேன். அவளுக்குன்னு பேரீச்சம்பழ ரொட்டிகூட எடுத்து வச்சிருக்கேன். பாவி, இன்னும் காணோம்."

குர்ஜியா அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். வெயில் எதிர்ச்சுவரைவிட்டு விலகிக்கொண்டிருந்தது.

"இனிமே எங்க வரப்போறா." ஹபீபா முடிச்சை அவிழ்த்து ரொட்டியை அவள் கையில் வைத்தாள். "நீயாவது தின்னும்மா. நேரமாகுது."

வாயருகே கொண்டுபோகுமுன் ஊர்ச் சங்கு ஊதியது. இனி நாளை நட்சத்திரம் தெரியும்வரை பச்சைத் தண்ணீரும் கூடாது. குர்ஜியா ரொட்டியை அதே கைக்குட்டையில் முடிந்து அக்காவின் மடியில் திரும்ப வைத்தாள்.

"அவ வந்தா குடுத்திருங்க," என்றாள்.