ஓரத்தை வெட்டச் சொன்னேன்

நெட்டைக்கு நான் கொடுக்க வேண்டியிருந்த பாக்கி ஏழாயிரத்து முந்நூற்று ஐம்பது. அவன் வீட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் அது பென்சிலால் எழுதியிருக்கும். சம்பளம் வாங்கும்போதெல்லாம் ஐந்நூறோ முந்நூறோ, கை கடித்தால் நூற்றைம்பதோ கொடுப்பேன். அவன் பழைய எண்ணை அடித்துவிட்டு அதன் கீழே புதிய எண்ணை எழுதுவான். பன்னிரண்டாயிரத்தில் ஆரம்பித்தது. கேமரா வாங்கிய கடன்.

நானும் அவனும் சாரம் கட்டுகிறவர்கள். கட்டடத்தைச் சுற்றி இரும்புக் குழாய்களை நிறுத்தி, கிளாம்ப் போட்டு முறுக்கி, மேலே பலகை விரித்துக் கொடுப்போம். அதன் மேல் நின்றுதான் கொத்தனாரும் பெயிண்டரும் வேலை செய்வார்கள். வேலை முடிந்ததும் முதலில் கழற்றிப் போடுவது எங்கள் வேலையைத்தான். இருபத்திரண்டு வருடம் கட்டியிருக்கிறேன். இதோ இது நான் கட்டியது என்று கை நீட்டிக் காட்ட ஒரு குழாய்கூட எங்கேயும் நிற்கவில்லை.

கேமரா ஆசை அப்படித்தான் வந்தது. ஸ்டூடியோக்காரர் கடைக் கண்ணாடிக்குள் ஒரு பழைய கேமரா இருந்தது. போகும்போதும் வரும்போதும் நின்று பார்ப்பேன். ஒருநாள் நெட்டை என் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனான். “இதைத் தினமும் பாத்துப் பாத்து இவன் கண்ணே தேஞ்சு போச்சுண்ணே. எவ்வளவு சொல்லுங்க” என்று கேட்டு, மகள் படிப்புக்காகச் சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தான். வட்டி கிடையாது. “வட்டிக்குப் பதிலா என்னை நல்லா ஒரு படம் எடுடா. மூக்கைக் கொஞ்சம் சின்னதாக் காட்டு.”

அந்தப் படத்தைச் சாரத்தின் நாலாவது தட்டில் வைத்து எடுத்தேன். காலை எட்டு மணி வெயில் பக்கவாட்டில் விழுந்தது. குழாயைப் பிடித்துக்கொண்டு அவன் நிற்க, பின்னால் வெறும் வானம். ஒன்று எடுத்துப் பார்த்தேன்; நெஞ்சின் குறுக்கே பாதுகாப்பு பெல்ட்டின் பட்டை மட்டும் அழுக்காக, முறுக்கிக்கொண்டு கிடந்தது.

“அந்த பெல்ட்டு குறுக்க விழுதுடா. ஒரு நிமிஷம் கழட்டு” என்றேன்.

“கழட்டினா விழுந்துடுவேன்டா மாப்ளே.”

“விழுந்தா அதையும் எடுக்கிறேன். சிரி.”

சிரித்தான். பெல்ட்டைக் கழற்றிப் பக்கத்துக் குழாயில் மாட்டிவிட்டு, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றான். அப்படியே ஒன்று எடுத்தேன். அவன் திரும்ப பெல்ட்டை மாட்டும்போது இன்னொன்றும் எடுத்தேன். பிறகு அவன் வேலையைப் பார்க்கப் போனான்.

பிரிண்ட் போடப் போனபோது ஸ்டூடியோக்காரர் திரையில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். இடது ஓரத்தில் அந்த பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தது. “இந்த ஓரத்தை வெட்டிடுங்கண்ணே, அசிங்கமா இருக்கு” என்றேன். வெட்டிக் கொடுத்தார். வானமும் நெட்டையும் மட்டும் இருந்தார்கள். அப்படி ஒரு படம் நான் அதுவரை எடுத்ததில்லை.

சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, “ஆபீசுக்கு ஒண்ணு குடுய்யா, பெரிய ஆளுங்க வந்தா காட்டலாம்” என்று கேட்டு வாங்கி, மேசைக்கு நேர் எதிரே சுவரில் ஒட்டினார். நான் எடுத்த படம் ஒரு சுவரில் ஏறியது அதுதான் முதல் தடவை. கையெழுத்துப் போட உள்ளே போகும்போதெல்லாம் வேண்டுமென்றே பேனாவைத் தேடுகிற மாதிரி நின்று பார்ப்பேன்.

இரண்டு மாதம் கழித்து நெட்டை விழுந்தான்.

நான் கட்டடத்தின் மறுபக்கம் இருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்தபோது மணல் குவியலுக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தான். இரண்டாவது தட்டிலிருந்து விழுந்ததால் உயிர் தப்பியது. இடுப்பும் தொடை எலும்பும் போயின. “மாட்டித்தான்டா இருந்தேன், அறுந்துடுச்சு” என்று சொல்லிவிட்டு மயங்கினான். ஆஸ்பத்திரிக்கு ஏற்றுகிற அவசரத்தில் பெல்ட்டைக் கழற்றி யார் கையில் கொடுத்தோம் என்று எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. நான் திரும்பி வந்து தேடினேன். இல்லை.

கம்பெனியிலிருந்து விசாரணைக்கு ஆள் வந்தபோது சூப்பர்வைசர் ஒன்றும் அதிகம் பேசவில்லையாம். சுவரைக் காட்டினாராம். “பாருங்க, இவன் மேலே நிக்கிற லட்சணத்தை. எத்தனை தடவை சொன்னாலும் பெல்ட்டு போட மாட்டான்.” கம்பெனி ஒரு காசு கொடுக்காது என்று கடிதம் வந்தது.

அந்த வாரச் சம்பளத்தில் ஐந்நூறை எடுத்துக்கொண்டு நெட்டை வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டிருந்தார்கள். நெட்டையின் கால் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவன் உயரத்துக்குக் கட்டில் போதாது. அவன் மனைவி தையல் மெஷினில் இருந்தாள். நான் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். பணத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

“அதை அங்கேயே வைங்க. ஊரெல்லாம் சொல்லுது, உங்க படம் ரொம்ப நல்லா வந்திருக்காமே. எங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுச்சே, அந்தப் படம்.”

“சும்மா இரு” என்றான் நெட்டை.

“ஏன் சும்மா இருக்கணும்? நீங்க பெல்ட்டு இல்லாம ஏன் போய் நின்னீங்க? அவர் எடுத்தார், சரி. உங்களுக்கு எங்க போச்சு புத்தி?”

அவன் கூரையைப் பார்த்தபடி கிடந்தான். கழற்றச் சொன்னது நான் என்று அவளிடம் அவன் சொல்லவே இல்லை. வாயைத் திறந்தேன். நெட்டை என்னைப் பார்த்துத் தலையை ஒருமுறை அசைத்தான். அவள் தண்ணீர் பிடிக்க வெளியே போனதும் மெதுவாகச் சொன்னான்: “நீ சொன்னா உன்னையும் வேலையை விட்டுத் தூக்குவாங்க. எதுக்கு ரெண்டு வீட்டுலயும் அடுப்பு அணையணும்? வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இரு.”

இருந்தேன். மூன்று வாரம் இருந்தேன். அதை இன்றைக்கு எழுதும்போதும் கை கூசுகிறது.

அந்த மூன்று வாரமும் கேமராவைத் தொடவில்லை. ஒரு சாயங்காலம் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் வெயில் சிவப்பாக விழுந்தது, குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர்கூட சிவந்திருந்தது. என் கை தன்னால் ஆணியில் தொங்கிய பையை நோக்கிப் போனது. பாதியில் இழுத்துக்கொண்டேன். திருடப் போய் மாட்டிக்கொண்டவன் மாதிரி இருந்தது.

என் வீட்டுக்காரி பார்த்துக்கொண்டே இருந்தாள். “வித்துத் தொலைங்களேன். அவர் கடனாவது கொஞ்சம் தீரும். அதைப் பாக்கும்போதெல்லாம் உங்க மூஞ்சி எழவு வீடு மாதிரி ஆகுது.”

சரி என்று தோன்றியது. எனக்கெல்லாம் எதற்குப் படம்? ஞாயிற்றுக்கிழமை காலை கேமராவைத் துடைத்து, பெட்டியில் வைத்து, ஸ்டூடியோக்காரரிடம் கொண்டுபோனேன்.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அஞ்சாயிரம் தரலாம். மனசு வந்தா குடு, வரலன்னா டீ குடிச்சிட்டுப் போ.”

“குடுக்கிறேன்.”

“உள்ள இருக்கிற படத்தையெல்லாம் அழிச்சிடவா?”

“அழிங்க.”

அழிக்கிறதற்கு முன்னால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான். நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தள்ளுவதை நிறுத்தினார்.

“இது நான் அன்னைக்கு வெட்டிக்குடுத்த படம்தானே? ஓரத்துல தொங்குதே, இது என்ன?”

பெரிதாக்கிக் காட்டினார். பெல்ட். வெள்ளைப் பெயிண்டில் பதினேழு என்று கம்பெனி ஸ்டோரில் போட்ட எண் பளிச்சென்று தெரிந்தது. எண்ணுக்குக் கீழே பட்டை பாதிக்கு மேல் கிழிந்து, கிழிந்த இடத்தைக் கட்டுக்கம்பியால் சுற்றி முறுக்கியிருந்தது. கம்பி கட்டுகிறவர்கள் கம்பியோடு கம்பியைச் சேர்த்துக் கட்டுவார்களே, அதே மெல்லிசுக் கம்பி. ஒரு ஆளின் உயிரைத் தாங்குகிற பட்டைக்கு அதுதான் தையல். அதற்கு முந்தின படத்தில் அதே பெல்ட் நெட்டை நெஞ்சில் இருந்தது. அடுத்த படத்தில் அவன் அதைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தான்.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

நடந்ததை அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, “இதைக் கொண்டுபோய்க் காட்டலாமே” என்றார். பிறகு அவரே யோசித்து, “ஆனா பெல்ட்டு பக்கத்துலயே தொங்குது, ஏன் கழட்டினான்னு கேப்பாங்க” என்றார்.

“கேப்பாங்க.”

“என்ன சொல்லுவே?”

“இந்த மூணையும் பெரிசாப் போட்டுக் குடுங்கண்ணே. ஓரம் ஒரு நூல்கூட வெட்டாதீங்க” என்றேன். கேமராவைத் திரும்பப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். அவர் பிரிண்டுக்குக் காசு வாங்கவில்லை.

நஷ்டஈடு கேட்டு நெட்டையின் மனைவி கொடுத்திருந்த மனுவைத் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரித்தார்கள்; ஒரு அம்மா அதிகாரியாக இருந்தார். நெட்டையின் மனைவி சுவரோர பெஞ்சில் மகளின் பழைய பள்ளிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்குள் ஆஸ்பத்திரிக் காகிதங்கள். சூப்பர்வைசரும் வந்திருந்தார். நான் மூன்று படங்களையும் மேசையில் வரிசையாக வைத்தேன். அந்த அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பதினேழைப் பார்த்தார். கட்டுக்கம்பியைப் பார்த்தார். சூப்பர்வைசர் பக்கம் தாளைத் திருப்பிவைத்தார். சூப்பர்வைசர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“கழட்டச் சொன்னது யாரு?” என்று கேட்டார் அந்த அம்மா.

“நான்தாங்க. படம் நல்லா வரணும்னு சொன்னேன். ஓரத்தை வெட்டச் சொன்னதும் நான்தான்.”

நான் பெஞ்சுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

“உனக்கு எதுக்குய்யா இந்த வம்பு?” என்றார் சூப்பர்வைசர். அவர் குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் இருந்தது.

எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டியவன் நான். ஒரு பக்கம் எழுத அரைமணி நேரம் ஆனது. அந்த அம்மா அவசரப்படுத்தவில்லை.

திங்கட்கிழமை வாசலில் என் வருகை அட்டையைக் கொடுத்தேன். இனி வேலை இல்லை என்று வாட்ச்மேன் சொன்னான். அவனால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பத்து நாள் அலைந்து வேறு இடத்தில் சேர்ந்தேன். கூலி குறைவு, தரையிலேயே வேலை. குழாய் எண்ணி அடுக்குவது.

ஏழு வாரம் கழித்து நெட்டைக்குப் பணம் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. கேட்டது முழுக்க இல்லை; என்றாலும் ஆபரேஷனுக்கும் ஒரு வருடச் சாப்பாட்டுக்கும் போதும்.

வேலையிலிருந்து நேராக அவன் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டுப் பை தோளில், கேமராப் பெட்டி கையில். தங்கச்சி கதவைத் திறந்தாள். அலுவலகத்தில் பார்த்த பிறகு அவள் என்னிடம் பேசவே இல்லை. இப்போதும் பேசாமல் வழிவிட்டாள்.

பெட்டியைக் கட்டிலில் வைத்தேன். “பாக்கிக்கு இதை எடுத்துக்கோ. ஸ்டூடியோக்காரர் அஞ்சாயிரம் தருவார். மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாத் தர்றேன்.”

“ஏன், நீ?”

“நான் இனிமே தொடறதா இல்லை. ஒருத்தனை நிக்க வச்சி, அதைக் கழட்டு இதைக் கழட்டுன்னு சொல்றதுக்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?”

நெட்டை பெட்டியைத் திறந்து கேமராவை எடுத்தான். தலைகீழாகப் பிடித்தான். “எதுலடா பாக்கணும்?” நிமிர்த்திக் கொடுத்தேன்.

“அண்ணே” என்றாள் தங்கச்சி. தையல் மெஷினைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “அன்னைக்கு நீங்க சொன்னதைக் கேட்டதும் உங்க கழுத்தை நெரிக்கணும் போல இருந்துச்சு. வீட்டுக்கு வந்து இவரைத்தான் திட்டினேன், எங்கிட்ட ஏன் மறைச்சீங்கன்னு. இப்பவும் கோவம் போகல. ஆனா நீங்க வந்து சொல்லலன்னா நாங்க நடுத்தெருவுலதான். ரெண்டையும் எப்படி ஒண்ணா வச்சிக்கிறதுன்னு எனக்குத் தெரியல.”

“எனக்கும் தெரியலம்மா” என்றேன்.

“சரி, பஞ்சாயத்து போதும்” என்றான் நெட்டை. “கேமரா இனி என்னோடது. கடன் தீந்துச்சு, முழுக் கடனும். இந்தாம்மா, அந்தக் கதவைத் துடைச்சிடு. ஆனா நான் படுத்துக்கிட்டு எதைடா எடுக்கிறது? ஒரே ஜன்னல், ஒரே காக்கா. ஞாயித்துக்கிழமை வந்து வாங்கிட்டுப் போ, வெளியில எடுத்துட்டு வந்து எனக்குக் காட்டு. வாடகை கேக்க மாட்டேன்.”

“வேண்டாம்டா.”

“நீ கட்டினது எதுவும் நிக்கலன்னு நீதானே சொல்லுவே? நான் கட்டினதும் நிக்கல, இனிமே கட்டவும் முடியாது. படத்துலயாவது ஏதாவது நிக்கட்டும். போய் அந்த அலமாரிப் பக்கம் நில்லு.”

நின்றேன். தங்கச்சி ஈரத்துணியோடு அலமாரிக் கதவைத் திறந்துகொண்டிருந்தாள். நெட்டை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான்.

“அந்தப் பை வாரு குறுக்க விழுதுடா. கழட்…”

பாதியில் நிறுத்திவிட்டான்.

“இருக்கட்டும்டா” என்றேன். “இருக்கிறபடியே எடு.”

எடுத்தான். கோணலாக வந்திருந்தது. என் தலையில் பாதியைக் காணோம். பை வார் நெஞ்சின் குறுக்கே அப்படியே இருந்தது. வலது ஓரத்தில் கதவின் உள்பக்கமும் அடித்து அடித்து எழுதிய எண்களும், கடைசி எண்ணின் மேல் தங்கச்சியின் கையும் துணியும் விழுந்திருந்தன. அட்டைக்கு எடுத்ததைத் தவிர, என்னை ஒருவர் படம் எடுத்ததே அன்றைக்குத்தான்.

அதற்குள் அவள் துடைத்து முடித்திருந்தாள். கதவு ஈரமாக இருந்தது. கேமராவை அவன் தலைமாட்டில் வைத்தேன்.

“ஞாயித்துக்கிழமை” என்றான் அவன்.

“வர்றேன்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.