நல்ல வார்த்தை நாற்காலி

பள்ளி திறந்த அன்று வராந்தா நிறையப் பெற்றோர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி ஒருத்தி மூன்றாம் வகுப்பு டீச்சரைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏய் எலிவால்! நீயாடி? டீச்சராவே ஆயிட்டியா!"

டீச்சருக்கு உச்சந்தலை சூடேறியது. எத்தனை வருடம் ஆனால் என்ன, அந்தக் குரலை அவளால் மறக்க முடியுமா? சின்ன வயதில் அவளுடைய ஒல்லிப் பின்னலைப் பார்த்து அந்தப் பெயரை வைத்தவளே இவள்தான். அன்றைக்கு வகுப்புக்கே மகாராணி. அவள் வைத்தால் வைத்ததுதான். பெயர் ஒட்டிக்கொண்டு, பள்ளிப் படிப்பு முடிகிற வரை போகவே இல்லை. வேலை கிடைத்ததும் டீச்சர் செய்த முதல் காரியம் அந்தப் பின்னலை ஒட்ட வெட்டியதுதான்.

மகாராணியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற மகள் "எலிவாலா?" என்று கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"தமாஷுக்குச் சொன்னேன், கோச்சுக்காத. என் பொண்ணு உன் கிளாஸ்தான். நல்லா பாத்துக்கோ."

"பாத்துக்கறேன்" என்றாள் டீச்சர். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுவது என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டாள்.

மகள் அம்மாவை அப்படியே உரித்து வைத்திருந்தாள். கொஞ்ச நாளிலேயே கண்ணாடி போட்ட பெண் சோடாபுட்டி ஆனாள், குண்டாக இருந்தவன் பூசணி ஆனான், பேசத் திக்கியவன் ரிப்பேர் ரேடியோ ஆனான். டீச்சர் அவளை ஒரு தடவைகூட அதட்டவில்லை. நன்றாக முற்றட்டும் என்று காத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை கடைசி மணி நன்னெறி வகுப்பு. அதற்கென்று டீச்சர் தன் கைக்காசில் மஞ்சள் பெயிண்ட் அடித்து ஒரு நாற்காலி வைத்திருந்தாள். வாரம் ஒரு பிள்ளை அதில் உட்காரும். மற்ற பிள்ளைகள் எழுந்து, அந்தப் பிள்ளை செய்து தாங்கள் கண்ணால் பார்த்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்ல வேண்டும். ஒப்புக்குச் சொல்லக் கூடாது, பொய் சொல்லவே கூடாது. கடைசியாக டீச்சர் சொல்லுவாள். பிறரை மதிக்கக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல வழி உண்டா என்று தலைமையாசிரியை பார்க்கிறவர்களிடமெல்லாம் மெச்சிக்கொள்வார்.

அந்த வகுப்புக்குப் பின்னால் ஒரு சூட்சுமம் இருந்தது. முந்தின நாளே டீச்சர் நாலைந்து பிள்ளைகளைத் தனியாக அழைத்து, "நாளைக்கு இவன் உக்காரப் போறான். அன்னிக்கு உனக்குப் பென்சில் குடுத்தானே, ஞாபகம் இருக்கா?" என்று காதில் போட்டு வைப்பாள். அதனால்தான் எந்தப் பிள்ளையும் அந்த நாற்காலியிலிருந்து வெறுங்கையோடு இறங்கியதில்லை. இது தலைமையாசிரியைக்கே தெரியாது.

பெற்றோர் வந்து வகுப்பைப் பார்க்கிற வெள்ளிக்கிழமைக்கு மகாராணியின் மகளைக் குறித்தாள். முந்தின நாள் யார் காதிலும் எதையும் போடவில்லை. அவ்வளவுதான். யாரும் குற்றம் சொல்ல முடியாத பழிவாங்கல். அதை நினைக்க நினைக்க அவளுக்கு நாக்கில் தேன் தடவியது போலிருந்தது.

அன்று பின்சுவர் ஓரமாகப் பெற்றோர்கள் வரிசையாக நின்றார்கள். நடுவில் மகாராணி, போன் கேமராவை நீட்டியபடி. மகள் புதுச் சட்டையில் மஞ்சள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டினாள்.

"சொல்லுங்க கண்ணுங்களா. யாருக்கு என்ன ஞாபகம் வருது?"

ஒரு கைகூட எழவில்லை. மின்விசிறி மட்டும் கடகடவென்று சுற்றியது. ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. டீச்சர் அவசரப்படவே இல்லை. வரிசை வரிசையாகப் பார்வையை ஓட்டி, பூசணிமேல் நிறுத்தினாள்.

"நீ சொல்லுப்பா."

அவன் எழுந்து, யோசித்து, உண்மையைச் சொன்னான். "ஒண்ணுமில்ல டீச்சர்."

யாரோ களுக்கென்று சிரிக்க, வகுப்பே சிரித்தது. மகாராணியின் போன் மெல்லக் கீழே இறங்கியது. அந்த முகத்தைப் பார்க்கத்தான் டீச்சர் இத்தனை காலம் காத்திருந்தாள். கண்குளிரப் பார்த்தாள்.

அப்போது சோடாபுட்டி பாதி எழுந்தாள். வாயைத் திறந்தாள். பின்னால் நின்ற பெரியவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, முகம் சிவந்து மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

அவள் எதைச் சொல்ல வந்தாள் என்று டீச்சருக்குத் தெரியும். போன மாதம் ஒருநாள் சோடாபுட்டி அடக்க முடியாமல் இருந்த இடத்திலேயே பாவாடையை நனைத்துவிட்டாள். பக்கத்தில் இருந்த மகாராணியின் மகள் சட்டென்று தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள்மேலும் தரையிலுமாகக் கவிழ்த்துவிட்டு, "ஐயோ, கொட்டிட்டேன் டீச்சர்!" என்று திட்டு வாங்கிக்கொண்டாள். வேறு யாருக்கும் எதுவும் தெரியவில்லை. டீச்சர் மட்டும் பார்த்திருந்தாள். சோடாபுட்டி அதைச் சொன்னால் அவளுடைய மானம் போகும். டீச்சர் நினைத்திருந்தால், யாருக்கு என்று பேர் சொல்லாமல் அதைச் சொல்லியிருக்கலாம்.

நாற்காலியில் இருந்த குழந்தை அம்மாவைப் பார்க்கவில்லை. டீச்சரைப் பார்த்தாள். கடைசியாகச் சொல்ல வேண்டியது டீச்சர் என்று அவளுக்குத் தெரியும்.

டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "நேரமாயிடுச்சு. அடுத்த வாரம் பாக்கலாம்" என்றாள்.

மகாராணி மகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். டீச்சர் வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டாள். கண்ணாடி முன் நின்று, சின்ன வயதுக்குப் பிறகு முதல் முறையாகத் தன் தலைமுடியை ஆசையாகத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை அவள் வாசல் கேட்டைத் தாண்டும்போது மைதானத்தில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். தன் வகுப்புப் பிள்ளைகளின் சத்தம் என்று தெரிந்தது.

"ஏய் ஒண்ணுமில்ல! பந்தை எடுத்துப் போடு!"

"ஒண்ணுமில்ல! உன்னத்தான்!"

சுவர் ஓரமாகத் தனியாக நின்றிருந்த மகாராணியின் மகள் அசையவில்லை. டீச்சர் மனதுக்குள், 'திரும்பாதேடி, திரும்பாதே' என்றாள். அவளுக்குத்தான் தெரியும், அந்த முதல் திரும்பலில்தான் பெயர் ஒட்டிக்கொள்ளும். ஓடிப்போய்த் தடுக்க நினைத்தவள் கேட்டைப் பிடித்தபடி நின்றாள்.

மூன்றாவது தடவை கூப்பிட்டபோது குழந்தை திரும்பினாள்.