அரையணாப் பக்கம்

கம்பைநல்லூர்ச் சந்தைத் திடலை ஒட்டி ராஜாமணி முதலாளியின் டூரிங் கொட்டகை நின்ற காலத்தில், படம் பார்க்க இரண்டு பக்கம் இருந்தது. இன்றைக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும், எனக்கென்ன. திரைக்கு முன்னால் பெஞ்சும் மணல் தரையும். திரைக்குப் பின்னால், ஒலிபெருக்கிப் பெட்டியைச் சுற்றி வெறும் கட்டாந்தரை. அதற்கு அரையணா டிக்கெட். ஆட்டம் தொடங்குமுன் திரைத்துணியில் குடம் குடமாகத் தண்ணீர் அடிப்பார்கள். நனைந்த துணியில் படம் அந்தப் பக்கமும் தெளிவாகத் தெரியும். என்ன, இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரியும், அவ்வளவுதான்.

அந்த அரையணாப் பக்கம் முழுக்கச் சித்தேரி மலைக்காரர்கள். சாமையும் புளியும் தேனும் சுமந்து முதல் நாளே மலையிறங்கி, சந்தையில் விற்றுவிட்டு, மாலை ஆட்டம் பார்த்து, சந்தைக் கொட்டாயில் படுத்து, விடிந்ததும் மலையேறுவார்கள். அவர்களில் கருப்பி ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. கருப்பிக்கு முப்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, கணீரென்ற குரல். தனக்குத் தெரிந்ததைத் தெரியும் என்று சொல்ல அவள் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் படத்தின் பெயரைத் தமுக்கு வண்டிக்காரன் சந்தைக்குள் ஒருதரம் கூவினால் போதும், அது அவள் நெஞ்சில் ஏறிவிடும்.

அவளுக்குப் படம் என்றால் வெறும் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அவள் புருஷன் காளியன் தேனெடுக்கப் போய்ப் பாறையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவன். நாலு வருஷமாக வாசற்படியைத் தாண்டியதில்லை. சந்தை முடிந்து அவள் வீடு சேர்ந்ததும், கூடையை இறக்கக்கூட விடமாட்டான், கதையைச் சொல் என்பான். சும்மா கேட்கிற ஆளா அவன்? கத்தி எந்தக் கையில், குதிரை எந்தப் பக்கமாக ஓடியது, கதாநாயகி அழுதபோது கதவு எந்தப் பக்கம் இருந்தது என்று ஒவ்வொன்றாகத் துருவி எடுப்பான். பதில் சொல்ல முடியாவிட்டால் முகம் சுருங்கிப்போகும். அந்த முகத்தைப் பார்க்க முடியாமலேதான் கருப்பி கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு படம் பார்த்தாள். வாரம் முழுக்க அவனுக்கு இருந்த ஒரே வெளியுலகம் அதுதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சென்றாயன் குட்டையைக் குழப்பினான். சென்றாயன் கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்கிறவன். முன்பக்கத்தில் அவனுக்குப் பெரிய பேர். எந்தப் படத்தில் எத்தனை பாட்டு, எது எந்த ராகம், வில்லனாக நடித்தவர் அதற்கு முன்னால் எந்த நாடகக் கம்பெனியில் இருந்தார் என்பதெல்லாம் அவனுக்கு விரல் நுனியில் இருந்தது. அவனுக்குப் பின்பக்கத்துச் சிரிப்புப் பிடிக்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் மலைக்காரர்களுக்கு வசனம் முதலில் காதில் விழும், அவர்கள் சிரித்து முடித்த பிறகுதான் முன்பக்கம் சிரிக்கும். இது அவனுக்கு மானப்பிரச்சினையாகிவிட்டது. பின்பக்கத்தை ஓலைத் தட்டி வைத்து அடைத்துவிட வேண்டும், எல்லாவற்றையும் இடம் வலமாக மாற்றிப் பார்க்கிறவர்களுக்குக் கதை என்ன விளங்கப் போகிறது என்று முதலாளியிடம் ஓதினான். நாலு பெஞ்சுக்காரர்களும் ஒத்து ஊதினார்கள். ராஜாமணி முதலாளி கெட்டவர் இல்லை, ஆனால் பெஞ்சுக்காரர்கள் சொன்னால் தலையாட்டுகிறவர். அடுத்த சந்தையிலிருந்து பின்பக்கம் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

கருப்பியின் நாத்தனார் செல்லி அதைக் கேட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். கருப்பிக்குக் காளியன் நினைவுதான் வந்தது. மலையில் படுத்துக் கிடக்கிறவனுக்கு அடுத்த வாரம் என்னத்தைச் சொல்வது? கையில் இருந்த தேன்குடுவையைச் செல்லியிடம் கொடுத்துவிட்டு நேரே டிக்கெட் மேசைக்குப் போனாள். அங்கே முதலாளியும் சென்றாயனும் இருந்தார்கள்.

"மொதலாளிங்க, எங்களுக்கு ஒண்ணும் வெளங்காதுன்னு இவரு சொன்னாராமே. நீங்களே வச்சுக் கேளுங்க. எந்தப் படத்துல ஒரு துண்டு காட்டுனாலும் நான் பேரு சொல்றேன். இவரும் சொல்லட்டும். நான் தோத்தா நாளைக்கே தட்டி கட்டுங்க, நானே ஓலை கொண்டாந்து தர்றேன்" என்றாள்.

சென்றாயன் சிரித்தான். முதலாளிக்கு உள்ளூர ஆசை பிறந்துவிட்டது. யுத்தத்தால் பிலிம் தட்டுப்பாடு, புதுப்படம் வருவதே அபூர்வம், பழைய படங்களையே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தார். இப்படி ஒரு போட்டி வைத்தால் சந்தைக் கூட்டம் மொத்தமும் உள்ளே வந்துவிடும். சரி என்றார். கருப்பி ஜெயித்தால் பின்பக்கம் இருக்கும், இல்லையென்றால் தட்டி. தமுக்கு வண்டி அன்றைக்கே ஊர் முழுக்க அதைக் கூவிவிட்டது.

அடுத்த சந்தை நாள் பொழுது சாயும் நேரத்தில் கொட்டகையில் எள் போட்டால் எள் விழாது. ஆபரேட்டர் தர்மனிடம் ஒரு தகர டப்பா இருந்தது. படம் ஓடும்போது அறுந்தால் வெட்டி ஒட்டுவானே, அப்படி வெட்டிய துண்டுகளை அதில் சேர்த்து வைத்திருந்தான். அதிலிருந்து ஒவ்வொரு துண்டாக எடுத்து இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவில் வைத்துத் திரையில் காட்டுவான். முதலாளி ஒரு துப்புச் சொல்வார். முதலில் சரியாகச் சொன்னவருக்கு அந்தப் படம். ஒருவர் தப்பாகச் சொன்னால் மற்றவருக்கு வாய்ப்பு. மொத்தம் ஏழு. முன்னால் வந்து நிற்கும்படி முதலாளி கூப்பிட்டார். கருப்பி மறுத்துவிட்டாள். எங்கள் பக்கத்துக்காகப் போட்டி, எங்கள் பக்கத்திலிருந்துதான் சொல்வேன் என்று திரைக்குப் பின்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

முதல் படத்தில் ஒரு யானைத் துதிக்கையும் மாலையும் மட்டும் தெரிந்தன. யானை தப்பான ஆளுக்கு மாலை போடும் கதை என்றார் முதலாளி. அவர் வாய் மூடுமுன் "குந்தள நாட்டு இளவரசன்" என்று சென்றாயன் சொல்லிவிட்டான். பெஞ்சுகள் ஆரவாரித்தன. இரண்டாவதில் ஒரு பானையும் அதற்குள் போகும் ஒரு கையும். துப்பே வேண்டாம் என்றது திரைக்குப் பின்னாலிருந்து வந்த குரல். "நாகரத்தின மாலை. அந்தக் கை மாமியாரோடது. வளையல் ரெண்டு கொறையும் பாருங்க, முந்தின ரீல்லதான் அடகு வச்சா." முன்பக்கத்தில் வளையலை யார் எண்ணினார்கள்?

அப்புறம் விறுவிறுப்பு ஏறியது. பாட்டுச் சம்பந்தப்பட்ட துப்பு வந்தால் சென்றாயன் அள்ளிக்கொண்டு போனான். கதவு, கத்தி, துணிமணி, வாசல் என்று வந்தால் கருப்பி விடவில்லை. ஆறு படம் முடிந்தபோது ஆளுக்கு மூன்று. செல்லி கருப்பியின் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது.

ஏழாவது படம் விழுந்தது. ஓர் அரண்மனை முற்றம், வளைந்து ஏறும் படிக்கட்டு. முகம் தெரியாமல் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள், கையில் விளக்கு. இந்த இடத்துக்கு அப்புறம் கதாநாயகி அரண்மனைக்குத் திரும்பவே மாட்டாள் என்றார் முதலாளி.

இங்கேதான் சிக்கல். ஒரே ஸ்டூடியோவில் எடுத்த இரண்டு படங்களில் இதே படிக்கட்டு வரும். இரண்டிலும் கதாநாயகி விளக்கோடு வெளியேறுவாள், இரண்டிலும் திரும்ப மாட்டாள். "மரகதவேணி"யில் படிக்கட்டு வலப்பக்கம் இருக்கும். "இந்துமதி சபத"த்தில் காட்சியையே திருப்பி அமைத்து இடப்பக்கம் வைத்திருப்பார்கள். இது சென்றாயனுக்கு நன்றாகத் தெரியும். திரையில் படிக்கட்டு இடப்பக்கம் இருந்தது. எழுந்து நின்று, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இந்துமதி சபதம்" என்றான். படிக்கட்டு இடது கைப்பக்கம், சந்தேகமே வேண்டாம் என்று விளக்கமும் கொடுத்தான். முன்பக்கம் முழுக்க எழுந்து கைதட்டியது. திரையைப் பார்த்துத் துப்புச் சொன்ன முதலாளியும் அதையேதான் நினைத்திருந்தார், சரி என்று சொல்ல வாயெடுத்தார்.

கருப்பி அந்தப் பக்கம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் படிக்கட்டு வலப்பக்கம் தெரிந்தது. பின்பக்கத்துக்கு இந்துமதியின் படிக்கட்டு எப்போதும் அப்படித்தான் தெரியும். அப்படியானால் சென்றாயன் சொன்னதே சரி, கதை முடிந்தது. பின்பக்கத்தில் இரண்டு பேர் துண்டை உதறி எழுந்துகூட விட்டார்கள். ஆனால் அவளுக்கு ஏதோ உறுத்தியது. காளியன் பக்கத்தில் படுத்துக்கொண்டு அது எந்தப் பக்கம், இது எந்தப் பக்கம் என்று கேட்பதுபோல இருந்தது. படியை விட்டுவிட்டு அவள் அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

முந்தானை. அதுதான் உறுத்தியது. அந்தப் பெண்ணின் இடத்தோளிலிருந்து முதுகில் தொங்கியது முந்தானை, சந்தையில் கத்திரிக்காய் வாங்க வரும் ஊர்ப் பெண்களுக்குத் தொங்குவதுபோலவே. இதில் என்ன அதிசயம் என்பீர்கள். அதிசயம்தான். பின்பக்கத்திலிருந்து நாலு வருஷமாகப் பார்க்கிறாள், ராணி முதல் வேலைக்காரி வரை அத்தனை பேருக்கும் முந்தானை வலத்தோளில்தான் இருக்கும். ஆரம்பத்தில் அது படக்காரிகளின் வழக்கம் என்றே நினைத்திருந்தாள். ஒருநாள் கொட்டகை வாசலில் தேன் விற்க உட்கார்ந்தபோது, தட்டியில் ஒட்டியிருந்த ஸ்டில் படங்களை வெயிலில் நின்று பார்த்தாள். அதில் அதே ராணிக்கு இடத்தோளில் முந்தானை. அன்றைக்குத்தான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. அதிலிருந்து ஒவ்வொரு சந்தைக்கும் பகலில் ஸ்டில்லைப் பார்ப்பாள், மாலையில் பின்னாலிருந்து படத்தைப் பார்ப்பாள், இரண்டையும் மனசில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்வாள்.

"மொதலாளிங்க, கொஞ்சம் பொறுங்க. அது இந்துமதி இல்லைங்க, மரகதவேணி. ஆபரேட்டரு படத்தைத் திருப்பிப் போட்டுட்டாரு."

கொட்டகை சிரித்த சிரிப்பில் கூரை பறந்திருக்க வேண்டும். தோற்றவள் சாக்குச் சொல்கிறாள் என்றான் சென்றாயன். மெஷின் அறையிலிருந்து தர்மன் தலையை நீட்டி, இந்தக் கை ஒருநாளும் தப்பாகப் போட்டதில்லை என்று கத்தினான். கருப்பி குரலை உயர்த்தவில்லை.

"முன்னால இருக்கிற பொம்பளைங்களைக் கேக்கறேன். அந்தப் பொண்ணு முந்தானை உங்களுக்கு எந்தத் தோள்ல தெரியுது? உங்க முந்தானை எந்தத் தோள்ல இருக்குது?"

பெண்கள் பக்கத்தில் சிரிப்பு முதலில் நின்றது. ஒருத்தி தன் தோளைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் பத்துப் பேர் தொட்டுப் பார்த்தார்கள். "வலத்தோள்லல்ல இருக்குது!" என்று ஒரு குரல் வந்தது. முதலாளி தர்மனைப் பார்த்தார். தர்மன் கண்ணாடிச் சில்லை உருவி, பிலிம் துண்டை விரலால் தடவினான். படம் பதிந்த மங்கலான பக்கம் விளக்கைப் பார்த்து இருக்க வேண்டும், பளபளப்பான பக்கம் விளக்கைப் பார்த்துக் கிடந்தது. திருப்பிப் போட்டான். முந்தானை இடத்தோளுக்கு வந்தது. படிக்கட்டு வலப்பக்கம் போய் நின்றது. கொட்டகை முழுவதும் தானாகவே "மரகதவேணி" என்றது.

பின்பக்கத்தில் எழுந்த சத்தத்தைச் சொல்ல எனக்கு வாய் போதாது. செல்லி மறுபடியும் அழுதாள், அவளுக்கு எதற்கும் அழுகைதான். முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், தட்டி கிடையாது என்று அங்கேயே அறிவித்தார். கருப்பிக்கு அன்றைய ஆட்டத்துக்குப் பெஞ்சில் இடம் தருவதாகவும் சொன்னார். தன் இடமே தனக்குப் போதும் என்று அவள் எழுந்திருக்கவில்லை. சென்றாயன் மட்டும் பாட்டுப் புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மறுநாள் சித்தேரியில் கூடையை இறக்குமுன்னே கதை தொடங்கிவிட்டது. இந்த முறை கதாநாயகியே அவள்தான் என்பதால் காளியனுக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்ல வைத்தான். நாலு வருஷத்தில் அவன் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தாள், அதைப் பார்த்து அவளுக்கும் கண் கலங்கியது. கடைசியில், "அந்த சென்றாயன் இனி என்ன பண்ணுவாரு?" என்று கேட்டான்.

"என்ன பண்ணுவாரு, வர்ற வாரம் நம்ம பக்கம் வருவாரு. பாதிதான் பாத்திருக்கோம்னு தெரிஞ்சுபோச்சுல்ல, அந்த மனுசனால சும்மா இருக்க முடியாது" என்றாள் கருப்பி.

அடுத்த சந்தையன்று திரைத்துணிக்குத் தண்ணீர் அடித்து முடித்த நேரம், பின்பக்கத்து வாசலில் ஓர் ஆள் தயங்கி நின்றான். தோளில் துண்டு, கையில் அரையணா டிக்கெட். மலைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கருப்பி ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காருங்கண்ணா. மொதல்ல கொஞ்ச நேரம் எல்லாம் மாறித்தான் தெரியும். எங்களுக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு" என்றாள்.

சென்றாயன் துண்டை விரித்து உட்கார்ந்தான். அன்றைய ஆட்டத்தில் பின்பக்கத்துச் சிரிப்பில் ஒரு குரல் கூடுதலாகக் கேட்டது. முன்பெஞ்சிலிருந்து யாரோ முதலாளியைக் கூப்பிட்டு, இந்தப் பின்பக்கத்துக்காரர்களைக் கொஞ்சம் கண்டித்து வையுங்கள் என்றார்.