டாங்கியை மறித்த ஆள்காட்டி

ஆவடியில் ராணுவத்துக்கு டாங்கி செய்கிற தொழிற்சாலையில் உலகநாதனுக்கு வேலை. புதிதாக முடிந்து வரும் வண்டிகளை அவன்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். மண்ணும் சரளையுமாகக் கிடக்கும் சோதனைத் தடத்தில் மேடேற்றி, பள்ளத்தில் இறக்கி, தண்ணீர்க் குட்டையில் முக்கி எடுத்து, அவன் சரி என்று சொன்னால்தான் வண்டி வெளியே போகும். அவன் அப்பாவும் தாத்தாவும் பக்கத்து நூம்பல் கிராமத்தில் அடுத்தவர் வயலில் ஏர் பிடித்தவர்கள். நாற்பது டன் இரும்பு தன் இரண்டு கைக்குள் அடங்கி நடக்கிறது என்பதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. பன்னிரண்டு வருடம் ஓட்டியும் அது குறையவில்லை.

எண்பத்தாறாம் வருடம், மே மாதம். காலை பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. நேர்த்தடத்தில் வேகம் பிடித்து வந்துகொண்டிருந்தவன், சற்றுத் தள்ளி வழியின் நடுவே ஒரு பறவை நிற்பதைப் பார்த்தான். ஆள் வந்தால் கத்திக் காட்டிக்கொடுக்கும் ஆள்காட்டி. மஞ்சள் கால், கண்ணோரம் சிவப்புச் சதை. வண்டி கிளம்பினாலே அந்தப் பக்கத்துக் காக்கைகள் எல்லாம் ஓடிவிடும். இது அசையவில்லை. இரண்டு சிறகையும் விரித்து, நெஞ்சை முன்னே தள்ளி, டாங்கியைப் பார்த்துக் கத்தியது. இன்ஜின் இரைச்சலில் குரல் கேட்கவில்லை. திறந்து திறந்து மூடும் அலகு மட்டும் தெரிந்தது.

உலகநாதன் சட்டென்று நிறுத்தினான். வண்டி மூக்கைத் தரையில் குத்துவதுபோல் முன்பக்கம் அழுந்தி நின்றது. மேலே உட்கார்ந்திருந்த ஃபிட்டர் பால்ராஜ் தலையைத் தடவிக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"இன்னா அண்ணாத்தே, பிரேக் புட்சிகிச்சா?"

"எறங்கி வா. சும்மா வந்து பாரு."

பறவைக்குப் பின்னால் சரளையில் ஒரு சின்னக் குழி. அதில் நான்கு முட்டைகள், கூர்முனையை உள்பக்கம் வைத்துப் பூ மாதிரி. மண் நிறம், கறுப்புத் திட்டு. கல் எது, முட்டை எது என்று பிரித்துப் பார்க்கவே பால்ராஜுக்கு நேரம் பிடித்தது.

"யப்பா! இத்துக்குப் பயமே கெடயாதா?"

"கீது. காலப் பாரு, இன்னாமா நடுங்குது. நடுங்கிக்கினேதான் நிக்குது."

சண்டைக்கென்று செய்த வண்டி அது. அதன் முன்னால் இப்படி ஒருவர் நின்று உலகநாதன் பார்த்ததே இல்லை. வண்டியைப் பின்னால் எடுத்து, சுற்றிக்கொண்டு போய் ஷெட்டில் விட்டான்.

ஃபோர்மேன் பிரகாசம் கேட்டுவிட்டுப் பேனாவை மேசையில் போட்டார். "வியாழக்கிழமை டெல்லியிலேர்ந்து ஆபீசருங்க வர்றாங்க. நேர்த்தடத்துல முழு ஸ்பீடு காட்டணும். நீ குருவிக் கதை சொல்றியா?"

"ஒருவாட்டி வந்து பாருங்க சார். பாத்துட்டு, ஏத்துன்னு நீங்க சொன்னா ஏத்தறேன்."

பிரகாசம் வந்தார். பறவை அவர் பூட்ஸைப் பார்த்துப் பாய்ந்தது. அவர் இரண்டடி பின்வாங்கினார். பிறகு தானே போய் ஒரு சிவப்புக் கொடியைக் கொண்டுவந்து நட்டார். "பத்தடி ஒதுங்கிப் போ. எவன் கேட்டாலும் நான் சொல்லிக்கிறேன்."

அன்றிலிருந்து உலகநாதன் சாப்பாட்டு டப்பாவோடு தடத்தோரம் போய் உட்கார ஆரம்பித்தான். இரும்பைத் தொட்டால் கை பொசுங்கும் உச்சிவேளையில், ஆள்காட்டி குட்டைக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு ஓடிவந்தது. ஈர வயிற்றோடு முட்டைகள்மேல் மெல்ல அமர்ந்து அவற்றைக் குளிர்வித்தது. மறுபடி போனது, மறுபடி வந்தது. தடத்தில் ஓட்டும்போதும் கண்ணை அங்கே வைத்து எண்ணினான்: ஒரு பகலில் பதினேழு தடவை. உலகநாதன் சோற்றில் வைத்த கையை எடுக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தான். தொழிற்சாலை வருவதற்கு எவ்வளவோ காலம் முன்பே இதே வெயிலில், இதே வறண்ட மண்ணில் இதன் வம்சம் முட்டையை நனைத்துக் காப்பாற்றி வந்திருக்கிறது. வேலியும் காவலும் போட்டு உள்ளே உட்கார்ந்திருக்கும் நாம்தான் நேற்று வந்தவர்கள் என்று அவனுக்குத் தோன்றியது.

வியாழக்கிழமை, முழு வேகத்தில் வந்த டாங்கி நேர்த்தடத்தில் ஓரிடத்தில் மட்டும் வளைந்து போனதை டெல்லிக்காரர்கள் கவனித்துவிட்டார்கள். ஸ்டியரிங்கில் கோளாறா என்று கேட்டார்கள். பிரகாசம் அவர்களை அந்த இடத்துக்கே நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். நரைத்த மீசைக்கார அதிகாரி ஒருவர் குனிந்து பார்த்தார்.

"டிட்டிஹரி!" என்றார், சொந்தக்காரரைக் கண்டதுபோல. எங்கோ வடக்கே, அவர் ஊரில் அதற்கு அதுதான் பெயராம், அதன் கத்தலிலிருந்தே வந்த பெயர். அவ்வளவு தூரத்திலும் இந்தப் பறவையை அதன் கத்தலை வைத்தே கூப்பிடுகிறார்கள் என்று கேட்டு உலகநாதனுக்கு மெய் சிலிர்த்தது. ரிப்போர்ட்டில் வளைவைப் பற்றி ஒரு வரியும் வரவில்லை.

ஜூன் முதல் வாரத்தில் ஒருநாள் காலை கொடியருகே வண்டியை நிறுத்தி இருவரும் இறங்கிப் பார்த்தபோது, குழியில் முட்டை ஓட்டுத் துண்டுகள்தான் கிடந்தன. உலகநாதன் சுற்றிலும் தேடினான். பால்ராஜ்தான் முதலில் பார்த்தான். "அண்ணாத்தே, அதோ!"

பஞ்சு உருண்டைகள் மாதிரி நான்கு குஞ்சுகள், குச்சிக் காலில் தாயின் பின்னால் நடந்து போய்க்கொண்டிருந்தன. வழியில் டாங்கியின் சங்கிலிச் சக்கரம் கிழித்த பள்ளம். ஆளுக்கு அது முழங்கால் ஆழம், அவற்றுக்குப் பாதாளம். மூன்று குஞ்சுகள் இறங்கி, சரிந்து, ஏறிவிட்டன. நான்காவது ஏறி ஏறி விழுந்தது. தாய் கரையில் நின்று விடாமல் கூப்பிட்டது.

பால்ராஜ் தூக்கிவிடப் போனான். உலகநாதன் அவன் தோளைப் பிடித்தான். "இரு. அது ஏறும்."

இன்ஜினை அணைத்துவிட்டு இருவரும் வெயிலில் நின்றார்கள். ஆறாவது தடவை குஞ்சு ஏறியது.