சம்மட்டிக்கு அடங்காத சுவிட்ச்

வாஷிங் மெஷின் நாலு சுற்றுகூடச் சுற்றவில்லை, டப்பென்று டிரிப்பர் விழுந்தது. மின்விசிறி நின்றது. டி.வி.யில் பந்து போட ஓடிவந்த ஆள் பாதி வழியில் காணாமல் போனார். சோபாவிலிருந்து சம்மட்டி எழுந்தார்.

சம்மட்டி என்பது தெரு அவருக்கு வைத்த பெயர். லேத் பட்டறை வைத்திருக்கிறார். இரும்போ மனிதனோ, சொன்ன பேச்சுக்கு வளைய வேண்டும், வளையாவிட்டால் அடி. அவர் வீட்டுக் கதவில் ஒரு பள்ளம் இருக்கிறது, அது அவர் கைமுட்டியின் அளவு. அப்படிப்பட்டவரை, அந்த டிரிப்பரின் விரல் நீளமே உள்ள பிளாஸ்டிக் குமிழ் ஒரு வாரமாக ஆட்டிப்படைத்துக்கொண்டிருந்தது. தூக்கிவிட்டால் விழும். மறுபடி தூக்கிவிட்டால் மறுபடி விழும்.

"சனியனே!" என்று ஸ்குரூடிரைவரைச் சுவரில் எறிந்தார்.

"ஏங்க, அந்த எலக்ட்ரீஷியன் என்ன சொன்னாரு? மெஷின்ல கரண்ட் கசியுது, எர்த்தும் சரியில்ல, அதான் டிரிப்பர் விழுது, அதைப் பார்க்கணும்னுதானே சொன்னாரு. அவரையே மறுபடி கூப்பிடலாமே" என்றாள் மனைவி.

எலக்ட்ரீஷியன் அப்படிச் சொன்னது உண்மை. அதைச் சொன்ன பாவத்துக்கு அந்த மனிதரை ஸ்பானரோடு தெருமுனை வரை துரத்தியதும் உண்மை.

"பத்துக் குதிரை சக்தி மோட்டாரை ஓட்டுறவன் நான். எனக்கு அவன் பாடம் எடுக்கணுமா? வாயை மூடிட்டு அந்த ஸ்டூலைக் கொண்டா."

மெயின் போர்டு வாசல் கதவுக்கு மேலே இருந்தது. மர ஸ்டூலில் ஏறி, டிரிப்பருக்குள் போகும் ஒயரையும் வெளியே வரும் ஒயரையும் கழற்றி, இடையில் டிரிப்பர் இல்லாமல் இரண்டையும் நேராக முறுக்கி டேப் சுற்றினார். மெஷின் ஓடியது. டி.வி. ஓடியது. எதுவும் விழவில்லை. ஜெயித்துவிட்ட திருப்தியில் அன்றைக்கு ஒரு பிடி சோறு அதிகமாகவே சாப்பிட்டார்.

அடுத்த நாள் மெஷினைத் தொட்ட மனைவி கையை உதறினாள். "சுர்ருனு இழுக்குதுங்க." அதற்கும் அவரிடம் வைத்தியம் இருந்தது. ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கி வந்து மெஷின் காலடியில் போட்டார். "இதை மாட்டிக்கிட்டுத் தொடு. ஒண்ணும் பண்ணாது." அன்றிலிருந்து அந்த வீட்டில் துணி துவைக்க சோப்புத் தூளோடு செருப்பும் தேவைப்பட்டது. மனிதன் எதற்குத்தான் பழகமாட்டான்!

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய தங்கை வந்தாள். தையல்காரி. ரவிக்கை தைத்தே தன் குடும்பத்தைக் கரையேற்றியவள். உலகத்தில் சம்மட்டி குரல் உயர்த்தாத ஒரே ஆள் அவள்தான். குளித்து முடித்தவள், அண்ணிக்கு ஒத்தாசையாக இருக்கட்டுமென்று ஈரக் காலோடு போய் மெஷினில் துணியைப் போட்டாள். செருப்பு விஷயத்தை அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. இடது கையால் தண்ணீர்க் குழாயைத் திறந்தாள். வலது கை மெஷினின் இரும்பு விளிம்பைப் பிடித்தது.

அலறல்கூட வரவில்லை. தொண்டையிலிருந்து 'க்க்க்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. விரல்கள் விளிம்பைக் கவ்விக்கொண்டன. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது, தலை பின்னால் போய்ச் சுவரில் மோதியது, மறுபடி மோதியது. பல் நாக்கைக் கடித்து வாயோரம் ரத்தம் வழிந்தது. தோல் கருகும் நாற்றம் வந்தது.

"மெயினு! மெயினை ஆஃப் பண்ணணும்!" என்று கத்தியபடி மனைவி ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

சம்மட்டிக்கு அது காதில் விழவில்லை. "பாப்பா!" என்று பாய்ந்து வெறும் கையால் தங்கையின் தோளைப் பிடித்தார். பிடித்த கையை விட முடியவில்லை. எலும்புக்குள் யாரோ ஆயிரம் ஆணி அறைவதுபோல் இருந்தது. நெஞ்சு இறுகியது. இரும்பை வளைத்த அந்தக் கை முதன்முறையாக அவர் பேச்சைக் கேட்கவில்லை.

திரும்பிப் பார்த்த மனைவி ஸ்டூலோடு ஓடிவந்தாள். காலைச் செருப்புக்குள் நுழைத்தாள். காய்ந்த மர ஸ்டூலைத் தலைக்கு மேல் தூக்கிப் புருஷனின் கையில் ஓங்கி அடித்தாள். முன்கை எலும்பு முறியும் சத்தம் கேட்டது. அவர் சுருண்டு விழுந்தார். அடுத்த அடி நாத்தனாரின் மணிக்கட்டில். அவளும் விழுந்தாள். பிறகுதான் ஓடிப்போய் மெயினை அணைத்தாள். தங்கைக்கு மூச்சில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை மனைவி அவள் நெஞ்சில் இரு கையாலும் அழுத்திக்கொண்டே இருந்தாள். அழுத்தும்போதே அழுதாள்.

ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த தங்கையின் கணவர் சம்மட்டியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து முகத்தில் குத்தினார். மூக்கு உடைந்தது. காவலாளி விலக்கப் பார்த்தார்.

"விடுங்க, அடிக்கட்டும்" என்றார் சம்மட்டி. "தெரியாம நடந்துபோச்சு மாப்பிள்ளை. சத்தியமா தெரியாது."

அதுவரை பெஞ்சில் கிடந்த மனைவி எழுந்து வந்தாள். இத்தனை வருடத்தில் அவள் அவரை எதிர்த்துப் பேசியதே இல்லை.

"தெரியாதா? தெரிஞ்சுதானே செருப்பு வாங்கிட்டு வந்தீங்க?"

சம்மட்டி ஒடிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் தரையில் உட்கார்ந்தார்.

மாலையில் டாக்டர் வந்தார். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்தாயிற்று, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். ஊசி பிடிக்கும் விரல்கள். அதைக் கேட்டதும் சம்மட்டி தன் நல்ல கையால் நெற்றியில் அறைந்துகொண்டார்.

உள்ளே போனார். கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தாள் தங்கை. நாக்கு வீங்கிப் பேச்சு குழறியது.

"அண்ணா... உங்க கோபத்தை நாங்கல்லாம் பொறுத்துக்கிட்டோம். கரண்டு பொறுத்துக்காது அண்ணா."

அவர் வராந்தாவுக்கு வந்து, இடது கையால் தடுமாறித் தடுமாறி எலக்ட்ரீஷியனுக்கு போன் போட்டார்.

"என்ன சார், இன்னும் திட்டு பாக்கி இருக்கா?" என்றது மறுமுனை.

"இல்லண்ணே." தெருவே நடுங்கும் அந்தக் குரல் உடைந்தது. "உள்ளே ஆபத்து இருக்குன்னு அந்தச் சுவிட்ச் ஒரு வாரமா கத்துச்சு. என்னன்னு பார்க்காம அதோட வாயைக் கட்டிட்டேன். என் தங்கச்சி கை போயிடுச்சு. நீங்க வந்து வேலையை ஒழுங்கா செஞ்சு கொடுங்க. டிரிப்பர் விழுந்தா, விழ வைக்கிற கோளாறைத்தான் தேடணும், டிரிப்பரை எடுக்கக் கூடாதுன்னு என் பட்டறைப் பசங்ககிட்டயும் வந்து சொல்லுங்க. நான் சொன்னா அழுதுடுவேன்."